நாலே முக்காலுக்கு எரிய வேண்டிய விளக்கு

அதிகாலை 4.12. லேப்டாப் திரையில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் கோடு.

மங்கிய வெள்ளை உருண்டை ஒன்றின் நடுவே அது குறுக்காக ஓடியது. அதன் ஓரங்கள் கிழிந்த துணிபோல இருந்தன. மூன்று நிமிடம் திறந்திருந்த கேமரா அனுப்பிய படம் அது. உருண்டை ஒரு விண்மீன் மண்டலம். சென்டாரஸ் ஏ என்று பெயர். கறுப்புக் கோடு அதன் குறுக்கே கிடக்கும் தூசு. அங்கிருந்து ஒளி இங்கு வந்து சேரச் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் வருடங்கள் ஆகும். முற்றத்தில் ஏழு பாகை குளிர். நான் முன் அறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் இடுக்கு வழியாக இரண்டு வயர்கள் வெளியே தொலைநோக்கிக்குப் போயின.

சரியாக முப்பத்து மூன்று நிமிடம் கழித்து, கீழே கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு தொடங்கியது. எழுந்து முதுகுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் போட்டேன். வெளியே படிக்கட்டு விளக்கு எரிந்தது. திரையில் அடுத்து வந்த படம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அன்றைய வேலை முடிந்தது.

மார்கழி முழுவதும் இப்படித்தான் நடந்தது.

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் பத்தொன்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். இப்போது பக்கங்கள் பிற்பகலில் மின்னஞ்சலில் வருகின்றன. பிழை திருத்தி இரவு எட்டு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். அதை எங்கிருந்தும் செய்யலாம் என்று ஆனபிறகு தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டேன். கொட்டகலை பஜாரிலிருந்து முச்சக்கர வண்டியில் இருபது நிமிடம். லயம் என்னும் வரிசை அறைகளை விட்டுத் தனி வீடுகளுக்கு மாறிய பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. எங்களுடையது கடைசி வீடு. அதற்கு அப்பால் தேயிலை, அதற்கு மேல் யூக்கலிப்டஸ் காடு. வீடுகளிலிருந்து பாதைக்கு இறங்கத் தொண்ணூற்றாறு படிகள்.

தொலைநோக்கி நான் வாங்கியது அல்ல. பத்திரிகையில் அறிவியல் பக்கம் பார்த்தவர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். ஆறு அங்குலக் கண்ணாடி. கேமராவும், வானம் நகரும் வேகத்துக்குக் குழாயைத் திருப்பும் மோட்டார் தாங்கியும் பழையதாக வாங்கினேன். தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. இந்த அட்சரேகையில் துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து ஏழு பாகை உயரத்தில்தான் இருக்கும். வீட்டுக்குப் பின்னாலுள்ள மலை அதைவிட உயரம். நான் அந்த நட்சத்திரத்தை இங்கிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மற்ற நட்சத்திரங்கள் திரையில் எந்தப் பக்கம் வழுகுகின்றன என்று பார்த்துப் பார்த்து அச்சைச் சரிசெய்ய ஒன்பது இரவுகள் ஆயின. அதன்பிறகு முக்காலியை நகர்த்தவில்லை. பகலில் இரண்டு உரப்பைகளைத் தைத்து மூடிவைப்பேன். முற்றத்தில் காயவைத்த மிளகாயை அள்ள வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது அந்த விண்மீன் மண்டலம் அல்ல. அதை எவரும் எடுக்கலாம். அதைச் சுற்றி உருண்டையான நட்சத்திரக் கொத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள். நம்முடைய பால்வெளியிலும் அப்படிப்பட்ட கொத்துகள் உண்டு. மிகப் பெரியது அதே திசையில், சற்றுத் தெற்கே இருக்கிறது. அதைத் தொலைநோக்கியில் தங்கச்சிக்குக் காட்டினேன்.

"கறுப்புத் தட்டுல சீனி கொட்டுன மாதிரி இருக்கு" என்றாள்.

"அந்த மாதிரி ஒன்னு ஒரு கோடி வருசத் தூரத்துல இருந்தா எப்படித் தெரியும்?"

"ஒரு சீனியாத் தெரியும்."

அவ்வளவுதான் விஷயம். தூரத்துக் கொத்து படத்தில் ஒரே புள்ளி. பக்கத்தில் இருக்கும் சாதாரண நட்சத்திரமும் ஒரே புள்ளி. கண்ணால் பிரித்தறிய முடியாது. வானியலாளர்கள் வெளியிட்டிருக்கும் பட்டியலில் கொத்துகளின் இடங்கள் இருக்கின்றன. படத்தில் ஒரு புள்ளி பட்டியல் சொல்லும் இடத்தில் இருந்தால் அது கொத்து. இல்லாவிட்டால் வெறும் நட்சத்திரம். முதல் வாரத்துப் படங்களை ஒன்றாக அடுக்கி, கொத்து என்று எனக்குத் தோன்றிய முப்பத்தொரு புள்ளிகளை வட்டமிட்டேன். பட்டியலோடு ஒப்பிட்டபோது இரண்டுதான் தேறின. செய்தி அறையில் உறுதிப்படுத்தாத பெயரை அச்சுக்கு விடமாட்டோம். மற்ற இருபத்தொன்பது வட்டங்களையும் அழித்தேன்.

மேலும் கொத்துகள் தெரிய வேண்டுமானால் மேலும் மணிக்கணக்கில் ஒளி சேர வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும். இருட்டுக்குக் குறுக்கே படிக்கட்டு விளக்கு நின்றது.

அந்த விளக்கைக் கேட்டு மனு எழுதியவள் நான்தான்.

தங்கச்சி பதினேழு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சேர்ந்தது, கூடையின் பாரத்தை மட்டும் தாங்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில், இங்கே அதை ஸ்டோர் என்பார்கள், தூளிலிருந்து நார் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். அதற்குள் மூன்று தடவை பிந்தினால் மறுபடி மலைக்கு, அதாவது கொழுந்துக்கு. வேலை காலை ஐந்து மணிக்கு. ஐந்தடித்ததும் கேட்டில் பெயர் எழுதுகிறவர் கோடு போட்டுவிடுவார். கோட்டுக்குக் கீழே எழுதப்படும் பெயர் பிந்தியது.

ஒக்டோபரில் ஒருநாள் அவள் படியிறங்கும்போது, முதல் திருப்பத்துக்குக் கீழே சிறுத்தை ஒன்று படியில் படுத்திருந்தது. இங்கே எல்லோரும் அதைப் புலி என்றுதான் சொல்வார்கள். அவள் கத்தவில்லை. பின்பக்கமாகவே ஏறி வீட்டுக்கு வந்து, விடியும்வரை கதவில் சாய்ந்து நின்றாள். அது முதல் பிந்தல். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு நாய் காணாமல் போனது. மறுநாள் காலை பாதி வழியில் கால்கள் நகரவில்லை என்றாள். அது இரண்டாவது. ஜனவரி முடியும்வரை இன்னொன்று கூடாது.

பிரதேச சபைக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதினேன். நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பெண்கள் அந்த நேரத்தில் இறங்குகிறார்கள். பெயரடை ஒன்றுகூட இல்லை. மூன்று வாரத்தில் கம்பமும் விளக்கும் வந்தன. கம்பத்துக்குக் கடைசி வீட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் சுலபம் என்றார்கள். சரி என்றோம். சுவிட்ச் எங்கள் முன் அறையில், கதவுக்குப் பக்கத்தில் வந்தது. அன்றிலிருந்து அவள் ஒருநாளும் பிந்தவில்லை.

டிசம்பர் நடுவில், பீலிக்கரையில் நான்கு பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன். மலையிலிருந்து குழாயில் வந்து விழும் அந்தத் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதுதான் பன்னிரண்டு வீட்டு விஷயங்களும் முடிவாகும். ரெண்டரையிலிருந்து நாலே முக்கால் வரை விளக்கை அணைத்துவைக்கலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை செய்கிறவள். வரிசையிலேயே கூர்மையான வாய் அவளுடையது.

"படம் எடுக்க."

"கல்யாண வீட்டுல படம் புடிக்கிறவன் நாலு பக்கமும் வெளக்கு புடிக்கச் சொல்றான். நீங்க இருக்கிற ஒன்னையும் அணைக்கச் சொல்றீங்க."

"இது வானத்துல இருக்கிறது. வெளக்கு எரிஞ்சா தெரியாது."

"ஒங்க நச்சத்திரத்துக்கு அவ்வளவு வெக்கமா, பேப்பர் அக்கா?"

சிரித்தார்கள். வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த இன்னொருத்தி, "புலிக்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க. நாலே முக்கால் வரைக்கும் வந்துட்டுப் போயிரச் சொல்லி" என்றாள்.

தங்கச்சி குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நாம எறங்கறது நாலே முக்காலுக்கு மேலதானே. அக்கா சொன்னா செய்யும்."

அதோடு ஒப்புக்கொண்டார்கள். நானும் என் பங்குக்கு இரண்டு விஷயங்கள் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் முற்றத்தில் நடக்கக்கூடாது. சிமென்ட் தரை அதிர்ந்தால் நட்சத்திரம் இரண்டாகத் தெரியும். வெளியே வர நேர்ந்தால் டார்ச் அடிக்கக்கூடாது. படத்தில் கோடு விழும்.

"மூச்சு விடலாமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கொட்டகலை பஜாரில் மின்சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரிடம் நீளமான வயர் வாங்கப் போனபோது இதைச் சொன்னேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்ப ஒரு டைமர் போடுங்களேன், மிஸ். நேரத்துக்குத் தானா எரியும்."

"வேணாம் நானா. நாலே முக்காலுக்குக் கோயில்ல பாட்டுப் போடுறாங்க. அது தப்பாது."

"பாட்டுக் கேட்டு எழும்பிப் போய் சுவிட்ச் போடுவீங்க?"

"போடுவேன்."

அவர் வயரை அளந்து வெட்டினார்.

பாட்டு உண்மையிலேயே தப்பவில்லை. கோயில் கமிட்டிக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். 4.45 என்றால் 4.45. நான் அலாரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் அலாரமும் பாட்டும் ஒரே நேரத்தில் அடித்தன. அலாரம் தங்கச்சியின் குழந்தையை எழுப்பிவிடுகிறது என்பதால் அதை நிறுத்திவிட்டேன். குழந்தைக்குப் பாட்டு பழகியிருந்தது.

மேகம் வந்த நாட்களை விட்டால், அந்த மாதம் பதினோரு அதிகாலைகள் கிடைத்தன. ரெண்டரைக்கு எழுவேன். உரப்பையை எடுத்து மடித்துவைப்பேன். பள்ளத்தில் பனிமூட்டம் தங்கி நிற்கும். வட்டவளைப் பக்கம் இறங்கும் சரக்கு ரயிலின் சத்தம் மட்டும் அதற்குள்ளிருந்து வரும். நாலேகாலுக்குத் தங்கச்சி எழுந்து பின்கட்டில் தேநீர் போடுவாள். ஒரு கிளாஸைப் பேசாமல் என் மேசையில் வைப்பாள். பாட்டு வரும். சுவிட்சைப் போடுவேன். அவள் பின்வாசலால் இறங்கி, படிக்குப் போவாள். பக்கத்து வீட்டுக் கதவும் அதே நேரத்தில் திறக்கும்.

வேலையின் மற்றப் பாதி பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தொலைநோக்கிக் குழாயின் வாயை மூடி, ஒன்றுமில்லாத இருட்டை முப்பது தடவை படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூடிக்கிட்டு எதைப் புடிக்கிற?"

"கேமரா தானாவே கொஞ்சம் புள்ளி போடும். அதை மட்டும் தனியா எடுத்து, அப்புறம் நல்ல படத்துலருந்து கழிச்சிருவேன்."

"ஈரக் கொழுந்த நிறுக்கையில தண்ணிக்குன்னு எடை கழிக்கிற மாதிரி."

"ஆமா."

"ஆனா நீ கூடுதலாக் கழிக்க மாட்டல்ல" என்றாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பதினேழு வருடம் நின்றவள்.

பொங்கலன்று காலை மேகம். தோட்டத்துக்கு விடுமுறை. முற்றத்தில் பொங்கல் வைக்கத் தொலைநோக்கியைச் சுற்றிக் கோலம் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி உரப்பையின் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் வேலை நாள். ரெண்டரைக்குக் கதவைத் திறந்தபோது, அந்த வருடத்தில் நான் பார்த்த மிகத் தெளிவான வானம் இருந்தது. வளர்பிறை நிலா முன்னிரவிலேயே போய்விட்டது. காற்று இல்லை. மார்கழித் தொடக்கத்தில் மலை விளிம்பை ஒட்டி இருந்த சென்டாரஸ் ஏ, ஒரு மாதத்தில் நன்றாக மேலேறியிருந்தது. ஒவ்வொரு மூன்று நிமிடமும் முந்தியதைவிடக் கூர்மையான படம் வந்தது. கொத்துகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதுவரை அடுக்கிய படத்தில்கூடத் தெரியாத ஓர் இடத்தில், ஒற்றைப் படத்திலேயே ஏதோ மங்கலாக இருந்தது. அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

மேசையில் கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

பின்னணி வெளுக்கத் தொடங்கியதைத்தான் முதலில் கவனித்தேன். வானத்தின் ஒளி அளவைக் காட்டும் எண் ஏறிக்கொண்டிருந்தது. மேகம் என்று நினைத்து வெளியே பார்த்தேன். மேகம் இல்லை, கிழக்கே விடியலின் முதல் வெளிச்சம். கடிகாரம் 5.11 காட்டியது. தேநீர் ஆறியிருந்தது.

பாட்டு வரவில்லை. மார்கழி முடிந்துவிட்டது. தை இரண்டாம் நாள் யாரும் பாட்டுப் போடுவதில்லை. நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் அல்ல அது.

சுவிட்சைப் போட்டேன். பின்கட்டில் விளக்கு அணைந்திருந்தது. தங்கச்சியின் செருப்பு இல்லை. குழந்தையும் அதன் தகப்பனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டின் தலைப்பில் போய் நின்று பார்த்தேன். தொண்ணூற்றாறு படியும் வெளிச்சத்தில் வெறுமையாக இருந்தன. அவளுடைய போனுக்கு அடித்தேன். வேலை நேரத்தில் போனை ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மணி அடித்து நின்றது.

ஐந்து இருபதுக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரி கொண்டையை முடிந்துகொண்டே ஓடினாள்.

"பாட்டுப் போடலியே, வெளக்கும் எரியலியே, இன்னும் நேரம் கெடக்குன்னு படுத்திருந்தேன்" என்றாள் ஓட்டத்திலேயே. "ஒங்க நச்சத்திரத்தால எனக்கு ஒரு லேட்டு, பேப்பர் அக்கா."

அவள் நிரந்தரத் தொழிலாளி. அவளுக்கு ஒரு பிந்தல் என்பது ஒரு திட்டு. தங்கச்சிக்கு அப்படியில்லை. மதியம் ஒன்றரை வரை எனக்கு எதுவும் தெரியாது. அன்று சில பக்கங்கள் முன்னதாகவே வந்தன, திருத்தினேன். பிறகு பார்த்தபோது, ஒரு தலைப்பில் எழுத்துப் பிழையை விட்டிருந்தேன்.

தங்கச்சி வேலையிலிருந்து வந்ததும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவ உட்கார்ந்தாள். அவளுடைய ஸ்வெட்டரின் பின்புறத்தில், இடுப்புக்குக் கீழே, பச்சைப் பாசி தேய்ந்திருந்தது. பாவாடையின் பின்பக்கமும் அப்படியே. இரண்டு உள்ளங்கைகளின் அடியிலும் தோல் உரிந்திருந்தது. வலது மணிக்கட்டை மடியில் வைத்து இடது கையால் கழுவினாள்.

"எத்தன மணிக்குப் போய்ச் சேர்ந்த?"

"மூனு நிமிசம் இருந்துச்சு. கோட்டுக்கு மேலதான்."

"எப்படி எறங்குன?"

"குந்திக்கிட்டே. ஒவ்வொரு படியா. நின்னா காலு வராது எனக்கு. பாதைக்கு வந்தப்புறம் ஓடுனேன்."

"டார்ச் இருந்துச்சே."

"அடிச்சா படத்துல கோடு விழும்னு சொன்னியே."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். நான் கேட்டேன்: "சுவிட்ச் என் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு. போட்டிருக்கலாமே?"

"போடத்தான் வந்தேன். மணி பாத்தேன், நாலு நாப்பத்தெட்டு. ஒனக்குத் தெரிஞ்சுதான் விட்டிருக்கன்னு நெனச்சேன்." கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ அதைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டிருந்த, அக்கா. நான் வந்து நின்னதுகூடத் தெரியல."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இங்கே அப்படியே எழுதியிருப்பேன். குழந்தை எழுந்து அழுதது. அவள் உள்ளே போனாள்.

மறுநாள் பஜாருக்குப் போனேன். நானா என்னைப் பார்த்ததும் டைமர் பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது இல்ல நானா. இருட்டுனா தானா எரிஞ்சு, விடிஞ்சா தானா அணையிறது இருக்கே, அது."

"சென்சரா? அதுல நடுவுல அணைக்க ஏலாதே மிஸ். சுவிட்சையும் கழட்டிப் போட்டுருவாங்க."

"கழட்டட்டும்."

"அப்ப படம்?"

"எடுத்தவரைக்கும் போதும்."

அவர் கொஞ்ச நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு சாக்கைப் புடிச்சு சென்சரை மூடுனா பகல்லயும் எரியும். அணையத்தான் வழியில்ல" என்றார். பிறகு ஒரு மின் வேலைக்காரரின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

சென்சர் போட்ட அன்று பக்கத்து வீட்டுக்காரி சுவரில் சுவிட்ச் இருந்த இடத்தை வந்து பார்த்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி ஒன்று ஒட்டியிருந்தது. "வெக்கப்பட்ட நச்சத்திரமெல்லாம் இனி எங்க போகும்?" என்றாள். தங்கச்சி அவளைப் பார்த்துச் சிரித்தாள், என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். நான் அந்த நேரத்தில் தூங்கப் பழகினேன். முதல் வாரம் ரெண்டரைக்கு விழிப்பு வந்துகொண்டிருந்தது.

ஜனவரிக் கடைசியில் எல்லாப் படங்களையும் ஒன்றாக அடுக்கினேன். மொத்தம் இருநூற்று இருபத்து மூன்று. கணினி இரவு முழுவதும் வேலை செய்தது. பட்டியலோடு ஒப்பிட்டபோது ஏழு கொத்துகள் சரியாக இடத்தில் இருந்தன. ஏழாவது, அந்தக் காலையில் நான் பார்த்துக்கொண்டிருந்த மங்கல் புள்ளி.

அந்தக் காலையில் 4.45க்குப் பிறகு எடுத்தவை எட்டுப் படங்கள். மொத்தத்தில் மிகக் கூர்மையானவை அவைதான். எட்டிலும் எங்கும் கோடு இல்லை. நட்சத்திரம் எதுவும் இரண்டாகவில்லை. அவற்றை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி அடுக்கிப் பார்த்தேன். ஏழாவது கொத்து அப்போதும் இருந்தது. கொஞ்சம் மங்கலாக, ஆனால் இருந்தது.

அட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, எட்டையும் சேர்த்த படத்தையே பெரிதாக அச்சிட்டேன். ஸ்டூடியோக்காரர் கறுப்பு சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை அடித்தார். கொண்டுவந்து மேசையில் விரித்தபோது தங்கச்சி வேலையிலிருந்து வந்திருந்தாள். அன்றுதான் அவளுடைய ஆறு மாதம் முடிந்தது. நிரந்தரம் என்று சொல்லி, புது ஏப்ரன் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள்.

"எது?"

ஏழு புள்ளிகளையும் பென்சில் முனையால் காட்டினேன். நார் பொறுக்கும்போது பார்ப்பதுபோல, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. பக்கத்துல இருக்கிற இதெல்லாம்?"

"அது சும்மா நட்சத்திரம்."

"எப்படித் தெரியும்?"

"பட்டியல்ல இல்ல."

தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கு எடுத்ததும் இதுலதான் இருக்கா?"

"இருக்கு."

"எந்த எடத்துல?"

"அப்படித் தனியா இல்ல. எல்லாப் படமும் ஒன்னுமேல ஒன்னு. எல்லாப் புள்ளியிலயும் அதுவும் கொஞ்சம் இருக்கு."

விரலால் தொடாமல், படத்துக்குக் கொஞ்சம் மேலே கையைப் பிடித்து, நடுவிலிருந்த கறுப்புக் கோட்டின் வழியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கொண்டுபோனாள். உள்ளங்கையின் அடியில் காய்ந்த தோல் உதிர்ந்து, புதுத் தோல் வெளிறித் தெரிந்தது.

"முன் ரூம்ல மாட்டுவோம்" என்றாள். "அந்த மூடி ஒட்டுன எடத்துல. பாக்க அசிங்கமா இருக்கு."

அங்கேதான் மாட்டியிருக்கிறது. படிக்கட்டு விளக்கு மாலை ஆறரைக்கு எரிந்து காலை ஆறேகாலுக்கு அணைகிறது. படத்தின் மொத்த ஒளிப்பதிவு நேரம் பதினொரு மணி ஒன்பது நிமிடம்.